ஆடும் திருகாணி

சென்ற இதழில் கடைவாய்ப்பல் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "என் தாடையிலேயே பதினான்கு மாதம் ஒரு தகடு இருந்தது" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தாடை, தகடு, திருகாணி. சரி, இந்த முறை பக்கம் முழுவதும் உங்களுக்கே. முகத்தாடை அறுவை மருத்துவராக இருபத்தைந்து வருடமாகத் தகடு வைக்கிறேன், எடுக்கிறேன். ஒருமுறை அதே மேசையில் படுத்தும் பார்த்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயர், ஊர் எதையும் போடவில்லை.

கேள்வி: கீழ்த்தாடை முறிந்து டைட்டானியம் பிளேட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. "உங்கள் உடம்பு பிளேட்டை ஏற்றுக்கொண்டுவிட்டது" என்கிறார் டாக்டர். ஏற்றுக்கொள்வது என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? (பள்ளி ஆசிரியை)

பதில்: "ஏற்றுக்கொண்டது" என்று நானும்தான் நோயாளிகளிடம் சொல்கிறேன், டீச்சர். சொல்வதற்கு வசதியான வார்த்தை. ஆனால் உடம்பு எந்த உலோகத்தையும் தன்னுடையது என்று நினைத்துக்கொள்வதில்லை. வெளியாள் என்று தெரிந்தேதான் உள்ளே வைத்திருக்கிறது.

தகடு உள்ளே போன சில நொடிகளில் ரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் படிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் செல்கள் தொடுவது வெறும் உலோகத்தை அல்ல, இந்தப் புரதப் பூச்சைத்தான். முதல் ஓரிரு நாள் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்களின் கூட்டம். கண்ணாடியில் பார்த்தால் வேறு யாரோ போல முகம் வீங்கியிருந்ததே, அந்த நாட்கள். அவை அடங்கியதும் மேக்ரோஃபேஜ்கள் வரும். கண்டதையும் விழுங்கிச் செரிப்பது இவற்றின் தொழில். பாக்டீரியாவை விழுங்கலாம், செத்த செல்லை விழுங்கலாம், இரண்டு அங்குலத் தகட்டை எப்படி விழுங்குவது? அப்போது சில மேக்ரோஃபேஜ்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்லாக மாறி உலோகத்தின்மேல் படுத்துக்கொள்ளும். விழுங்கவும் முடியாது, விரட்டவும் முடியாது என்றானபின் மிச்சமிருக்கும் ஒரே வழி, சுற்றிச் சுவர் எழுப்புவது. சில வாரங்களில் நார்த்திசுவால் ஒரு மெல்லிய உறை தகட்டைப் போர்த்திவிடும். தகடு எடுக்கும்போது அந்த உறையைக் கத்தியால் கீறித்தான் உள்ளே போவோம். சமர்த்தான தகடு என்றால் உறை வெள்ளையாக, வழவழப்பாக, மெல்லியதாக இருக்கும். அழற்சி இருந்தால் தடித்து, சிவந்து, தொட்டாலே ரத்தம் கசியும்.

எலும்புக்குள் இறங்கிய திருகாணியின் கதை வேறு. அங்கே நார்த்திசு வரவில்லை என்றால் எலும்பே வந்து உலோகத்தை ஒட்டிக்கொள்ளும். ஸ்வீடனில் லுண்ட் நகரில் 1952-ல் பெர்-இங்வார் பிரானமார்க் என்ற மருத்துவர், முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காக ஒரு டைட்டானியக் குழலைப் பொருத்தினார். சோதனை முடிந்து அதைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு விடவில்லை. விலையுயர்ந்த கருவி போயிற்றே என்று எரிச்சல்பட்டிருக்க வேண்டியவர், அந்த எரிச்சலையே ஆராய்ச்சியாக்கினார். 1965-ல் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானிய வேர்களை ஊன்றினார். அந்த மனிதர் நாற்பது வருடத்துக்கு மேல் அவற்றைக்கொண்டு மென்றிருக்கிறார்.

அந்த ஒட்டுதலையும் 'நட்பு' என்று கொண்டாடுவது சரியல்ல, அதுவும் வெளியாளைத் தனிமைப்படுத்தும் வேலைதான், நாருக்குப் பதில் எலும்பால் சுவர் கட்டுகிறது என்று பிரானமார்க்கோடு வேலை செய்த ஆல்பிரெக்ட்சனே பிற்பாடு எழுதினார். பல தாடைகளைத் திறந்து பார்த்தவள் என்ற முறையில் என் கட்சியும் அதுதான்.

இந்தச் சமாதானம் டைட்டானியத்தோடு எளிதாக ஏற்படக் காரணம் அதன் மேற்பரப்பு. காற்று பட்ட கணமே அதன்மேல் ஆக்சைடுப் படலம் உருவாகிவிடும். கனம் சில நானோமீட்டர்தான். கீறினால் கீறிய இடத்தில் மறுபடி உடனே மூடிக்கொள்ளும். அந்தப் படலம் இருக்கும்வரை அடியிலுள்ள உலோகம் உடம்போடு பேசுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளேட்டை எடுத்தபோது சுற்றியிருந்த சதை கறுப்பாக இருந்ததாம். "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. விஷமா? கேன்சரில் போய் முடியுமா?

பதில்: அந்தக் கறுப்பை என் தாடையிலேயே பார்த்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1998. முதுகலை இரண்டாம் வருடம். விடுதி மாடிப்படியில் இருட்டில் இரண்டு படியை ஒரு படியாக நினைத்துக் கால் வைத்தேன். இடது பக்கம் தாடை வளைகிற கோணத்தில், ஞானப்பல் இருக்கும் இடத்தில் முறிவு. நான் உதவியாளராக நிற்க வேண்டிய அறுவை அறையில் நோயாளியாகப் படுத்தேன். என் ஆசிரியர்தான் வைத்தார். நான்கு துளைத் தகடு, நான்கு திருகாணி. "ஆறு வாரம் கடினமாக எதையும் கடிக்கக் கூடாது" என்று அவர் சொன்னது நான் நோயாளிகளிடம் தினமும் ஒப்பிக்கும் அதே வாக்கியம். மூன்றாவது வாரமே மீறினேன். வலி இல்லை, வாய் திறந்தது, பசி, அப்புறம் என்ன?

பதினான்காவது மாதம் வாயில் ஓயாத கெட்ட ருசி. கடைசிப் பல்லின் ஈறோரம் சின்ன வீக்கம். திறந்து பார்த்தார்கள். எலும்பு அழகாகக் கூடியிருந்தது. மூன்று திருகாணிகள் அசையவில்லை. கடைக்கோடியிலிருந்த நான்காவது மட்டும் விரலால் தொட்டாலே ஆடியது. அதைச் சுற்றிச் சதை பென்சில் கரி பூசினாற்போல் சாம்பல் கலந்த கறுப்பு.

எடுத்த சதையை நானே நோய்க்குறியியல் துறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் கழித்து ஸ்லைடைப் பார்த்தபோது பயம் போய் வேடிக்கை வந்தது. நார்த்திசுவின் இடையே மேக்ரோஃபேஜ்கள். அவற்றின் வயிற்றுக்குள் கறுப்புத் துகள்கள். விழுங்கத் தெரிந்த செல் விழுங்கக்கூடிய அளவில் கிடைத்ததை விழுங்கி வைத்திருந்தது. ஆடிய திருகாணியின் பக்கத்தில் துகள்கள் அப்பிக் கிடந்தன. உறுதியாக இருந்த மூன்றின் அருகே தேடித் தேடித்தான் ஒன்றிரண்டு.

இந்தத் துகள் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு அறுவையின் போதே விழுகிறது. தகட்டைத் தாடையின் வளைவுக்கு ஏற்ப வளைக்கிறோம், திருகாணியின் தலையைத் திருப்புளியால் அழுத்தித் திருகுகிறோம்; பொடி உதிராமல் இருக்குமா? மறு பங்கு, தகடும் திருகாணித் தலையும் உரசும் இடத்திலிருந்து வருகிறது. நன்கு இறுகியிருந்தால் உரசல் இல்லை. தளர்ந்தால் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் ஆக்சைடுப் படலம் உரிந்து, உருவாகி, மறுபடி உரிந்துகொண்டே இருக்கும்.

இத்துகள்களில் சில நிணநீர்க் கணுக்கள்வரை போவதும் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு தூரம் போனாலும், தாடைத் தகட்டால் கேன்சர் வருகிறது என்று இத்தனை பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகும் நிறுவப்படவில்லை. நீங்கள் செல்போனில் தேடிப் பயந்திருக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு: டைட்டானியம் டையாக்சைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவற்றின் பட்டியலில், 2பி பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2006-ல் சேர்த்தது. அது நுண்தூளை மூச்சில் இழுத்த எலிகளின் நுரையீரலை வைத்து எடுத்த முடிவு. உங்கள் தாடைக்குள் இருந்த தகட்டைப் பற்றியதல்ல. எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையை வாங்கிப் பாருங்கள். நிறமித் துகள், நாள்பட்ட அழற்சி என்ற அளவில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: விமான நிலையச் சோதனையில் மணி அடிக்குமா? எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பதில்: சின்ன டைட்டானியத் தகட்டுக்குப் பெரும்பாலும் அடிக்காது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. தகட்டைச் சுற்றிப் படம் கொஞ்சம் கலங்கித் தெரியும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே உலோகம் இருக்கிறது என்று ஸ்கேன் அறையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எந்த உலோகம் என்று அவர்கள்தான் உறுதிசெய்ய வேண்டும்.

கேள்வி: நான் முப்பது வருடமாக வெல்டிங் வேலை செய்கிறேன். இரண்டு வேறு உலோகம் ஈரத்தில் தொட்டால் ஒன்று அரித்துப் போகும் என்பது எங்களுக்கு அரிச்சுவடி. என் தாடையில் பிளேட், பல்லில் வெள்ளி அடைப்பு. வாயில் எப்போதும் எச்சில். அரிக்காதா?

பதில்: ஐயா, உங்கள் கேள்வியை அறுவை மருத்துவர்கள் உங்களிடம் முன்பே கேட்டிருந்தால் பல கால்களும் தாடைகளும் பிழைத்திருக்கும்.

1886-ல் ஹாம்பர்க்கில் ஹான்ஸ்மன் என்ற அறுவை மருத்துவர் முறிந்த எலும்புக்கு நிக்கல் பூசிய தகட்டை வைத்தார். பிற்பாடு எளிதில் உருவிவிடலாம் என்று தகட்டின் ஒரு முனையையும் திருகாணிகளின் தண்டையும் தோலுக்கு வெளியே நீட்டிவிட்டிருந்தார். கிருமிக்கு வாசலைத் திறந்துவைத்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அப்புறம் லண்டனில் லேன் எஃகுத் தகடுகளை வைத்தார்; சுத்தத்தில் கறார் பேர்வழி, ஆனால் அந்தக் கால எஃகு உடம்புக்குள் துருப்பிடித்தது. உடம்பின் நீர் என்பது சூடான உப்புத் தண்ணீர்தானே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் லம்போட் செய்ததுதான் உங்களுக்குப் பிடிக்கும்: மெக்னீசியத் தகட்டை எஃகு ஆணிகளால் அடித்தார். எட்டே நாளில் தகடு கரைந்து தோலுக்கடியில் வாயு உப்பிவிட்டது. வெல்டரிடம் கேட்டிருந்தால் "வேண்டாம் சார்" என்று ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும்.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் 1930-களில் அமெரிக்காவின் வெனபிளும் ஸ்டக்கும். வெவ்வேறு உலோகத் திருகாணிகளை விலங்குகளின் எலும்பில் ஏற்றிப் பார்த்தார்கள். மின்வேதி அரிப்பு நடந்த இடத்திலெல்லாம் எலும்பும் கரைந்திருந்தது. கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலந்த விட்டாலியம் மட்டும் அமைதியாக இருந்தது. அது முதலில் பல்செட்டுக்காக வார்த்த உலோகம் என்பதில் எங்கள் துறைக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

உங்கள் வாய்க்கு வருவோம். பல்லின் வெள்ளி அடைப்பு எச்சிலில் இருக்கிறது. தகடு ஈற்றுக்கும் சதைக்கும் அடியில், எலும்பின்மேல், தனி அறையில் இருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை. கவலை வேண்டாம். ஆனால் டைட்டானியத் தகட்டுக்கு எஃகுத் திருகாணி போட மாட்டோம். ஒரே குடும்பத்து உலோகத்தைத்தான் சேர்த்து வைப்போம். தகடு ஈற்றைப் பிய்த்துக்கொண்டு வெளியே தெரிந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். அதுவும் அரிப்புக்காக அல்ல, கிருமிக்காக.

கேள்வி: எனக்குப் போலி நகை போட்டாலே காது மடல் புண்ணாகிவிடும். நிக்கல் அலர்ஜி என்று தோல் டாக்டர் சொல்லியிருக்கிறார். தாடையை நகர்த்தும் அறுவை செய்யப் போகிறார்கள். பிளேட் வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம், அம்மா, என்ன உலோகம் என்று கேட்டுவிட்டு. தூய டைட்டானியத்தில் நிக்கல் சேர்ப்பதில்லை. அறுவைக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகில், அதாவது நம் எவர்சில்வரின் ஒன்றுவிட்ட அண்ணனில், நிக்கல் 13 முதல் 15 சதவீதம்வரை உண்டு. தோலில் அலர்ஜி உள்ள எல்லோருக்கும் எஃகுத் தகடு ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பதில்லை. ஆனாலும் வேறு நல்ல உலோகம் இருக்கும்போது அந்தப் பரீட்சை எதற்கு?

பலர் மறப்பது வேறொன்று. தாடையை நகர்த்தும் அறுவைக்கு முன்னும் பின்னும் பல்லில் கம்பி கட்டுவார்கள். அந்தக் கம்பிகளில் சிலவகை பாதிக்குப் பாதி நிக்கல். ஆகவே அலர்ஜி விஷயத்தை அறுவை டாக்டரிடம் மட்டுமல்ல, கம்பி கட்டும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். டைட்டானியத்துக்கே அலர்ஜி வருமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். அபூர்வமாக வரலாம். அதைக் கண்டுபிடிக்கத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனையை அவ்வளவாக நம்ப முடியாது.

கேள்வி: என் தாடையில் வைத்திருக்கும் பிளேட்டின் கனம் 1 மி.மீ. என்கிறார்கள். இதைவிட கனமாக வைத்திருக்கலாமே? சிக்கனம் பிடித்துவிட்டார்களா? (பொறியாளர்)

பதில்: சிக்கனம் இல்லை. 1970-களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஷாம்பி என்ற அறுவை மருத்துவர், மெல்லும்போது கீழ்த்தாடையில் எந்த வரியில் இழுவிசை, எந்த வரியில் அமுக்கவிசை என்று கணக்கிட்டு, இழுபடும் வரியில் ஒரு சின்னத் தகடு வைத்தால் போதும், மிச்சத்தை எலும்பே பார்த்துக்கொள்ளும் என்று காட்டினார். அதுவரை தோலை வெளியிலிருந்து கிழித்துத் தடித்த தகடு வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பெரும்பாலும் வாய்க்குள்ளிருந்தே வேலை முடிகிறது.

பொறியாளர் என்பதால் இன்னொன்று. டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் ஏறக்குறையப் பாதி. அப்படியும் தாடையின் கெட்டி எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பு. கனத்த தகடு சுமை முழுவதையும் தானே தாங்கிக்கொண்டால் கீழே உள்ள எலும்புக்கு வேலை இல்லாமல் போகும். வேலை இல்லாத எலும்பு மெலியும். தகடு கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் நல்லது.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்குக் கீழ்த்தாடையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் ஒருவர், தேவையில்லை என்கிறார் இன்னொருவர். கரையும் பிளேட் வைத்திருக்கலாமே என்கிறாள் என் தங்கை.

பதில்: பெரியவர்களுக்குத் தொந்தரவு தராத தகட்டை நான் எடுப்பதில்லை. இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு கீறல், எதற்காக? குழந்தை என்றால் எடுக்கும் கட்சியில்தான் இருக்கிறேன். அவன் தாடை வளர்கிறது. வெளிப்பக்கத்தில் புது எலும்பு படிந்துகொண்டே வரும், தகடு உள்ளே புதைந்துகொண்டே போகும். இன்று கால்மணி நேரத்தில் எடுக்கக்கூடியதை நான்கு வருடம் கழித்து எலும்பை வெட்டித் தேட வேண்டிவரும். அவனுக்கு முளைக்காத நிரந்தரப் பற்கள் வேறு உள்ளே வரிசையாகக் காத்திருக்கின்றன. முறிவு நன்றாகக் கூடிவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

தங்கை கேட்டது நியாயமான கேள்வி. பாலிலாக்டிக் அமிலத்தாலான தகடுகள் உண்டு. உடம்பின் நீர் அவற்றை மெதுவாக உடைத்து, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாக்கிவிடும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 1980-களில் நெதர்லாந்தில் கன்ன எலும்புக்கு இப்படி ஒருவகைத் தகடு வைத்தவர்களுக்கு, எல்லாம் முடிந்து மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த இடம் வீங்கியது. திறந்து பார்த்தால் முழுதாகக் கரையாத பிளாஸ்டிக் துணுக்குகளைச் செல்கள் விழுங்கிக்கொண்டிருந்தன. உலோகம் இல்லை என்றால் எதிர்வினையும் இல்லை என்று நினைத்தவர்களுக்கு அது ஒரு குட்டு. இப்போதைய கலவைகள் அதைவிட வேகமாகக் கரைகின்றன. குழந்தைகளின் மண்டையோட்டில், அதிகச் சுமை விழாத இடங்களில் நானும் விரும்புகிறேன். மெல்லும் தாடைக்கு உறுதி போதுமா என்பதை முறிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் டாக்டர் டைட்டானியம் வைத்ததில் தப்பு எதுவும் தெரியவில்லை.

கேள்வி: பிளேட் வைத்து பதினொரு மாதம். ஒன்றரை மாதமாக ஈற்றோரம் சின்னத் துளை, அதில் சீழ். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் வருகிறது. மட்டமான உலோகத்தை வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று என் மைத்துனர் சொல்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குக்கு முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். ஏதாவது ஒரு திருகாணியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால், பிரச்சினை என்ன உலோகம் என்பதில் இல்லை. அது ஆடுகிறது என்பதில் இருக்கிறது.

இந்த மாதம் தாடை பற்றி வந்த கடிதங்கள் முக்கால்வாசியில் பழி உலோகத்தின் மேல்தான். நான் எடுத்த தகடுகளில் குற்றவாளி உலோகமாக இருந்தது மிகக் குறைவு. திருகாணிக்கும் எலும்புக்கும் நடுவே அசைவு சுமார் 150 மைக்ரானைத் தாண்டினால் போதும். அது ஒரு தலைமுடியின் பருமனைவிட அதிகம், அவ்வளவுதான். எலும்பு அந்த இடத்தைக் கைவிட்டு நார்த்திசுவை அனுப்பிவிடும். நார் பிடிக்காது, இன்னும் ஆடும். ஆட ஆட எலும்பு விலகும்.

ஏன் ஆட ஆரம்பிக்கிறது? பல காரணம். துளை போடும்போது டிரில்லின் சூடு ஒன்று. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே செத்துப்போகத் தொடங்கும் என்று 1983-ல் முயல் எலும்பில் காட்டினார்கள். அதனால்தான் துளைக்கும்போது பக்கத்தில் ஒருவர் விடாமல் உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார். எங்கள் அறையில் நீர் நின்றால் நான் கையை எடுத்துவிடுவேன். பயிற்சி மாணவர்களுக்கு என்மேல் கோபம் வருவது பெரும்பாலும் இதற்காகத்தான். முறிவுக் கோட்டிலேயே சொத்தைப் பல் இருந்தால் அது ஒன்று. புகை, கட்டுப்படாத சர்க்கரை. அப்புறம் என்னைப்போல ஆறு வாரம் பொறுக்காத ஆசாமிகள். உங்கள் கடிதத்தில் நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு மாதத்திலேயே பழையபடி எல்லாம் சாப்பிட்டேன், அவ்வளவு நன்றாக இருந்தது." நான் உங்களைத் திட்டும் தகுதி உள்ளவள் அல்ல.

மாத்திரை நிறுத்தினால் ஏன் திரும்ப வருகிறது? 1987-ல் கிரிஸ்டினா என்ற ஆய்வாளர் இதை ஒரு பந்தயம் என்றார். உலோகத்தின் மேற்பரப்பை யார் முதலில் பிடிப்பது, உடம்பின் செல்லா, பாக்டீரியாவா? செல் பிடித்துவிட்டால் பாக்டீரியாவுக்கு இடமில்லை. பாக்டீரியா முந்திவிட்டால் தன்னைச் சுற்றிப் பிசின் போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். ரத்தத்தில் வரும் மருந்து படலத்தின் வெளியே திரிகிற கிருமிகளைக் கொல்லும், நீங்களும் நாலு நாள் சுகமாக இருப்பீர்கள். உள்ளே குடியிருப்பவை மாத்திரை நிற்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். அதனால் நீங்கள் இன்னும் ஒரு சுற்று மாத்திரை வாங்காதீர்கள். பதினொரு மாதத்தில் எலும்பு கூடியிருக்கும் வாய்ப்புத்தான் அதிகம். கூடியிருந்தால் தகட்டையும் திருகாணிகளையும் எடுத்துச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் அத்தோடு தீரும். கூடவில்லை என்றால் வெறுமனே எடுத்துவிட்டு விடக் கூடாது. ஆடாதபடி இன்னும் உறுதியான தகடு வைக்க வேண்டும். சீழ் இருக்கும் இடத்தில் மறுபடி உலோகமா என்று பதறுவீர்கள். சீழ் இருந்தாலும் ஆடாத எலும்பு கூடும். ஆடுகிற எலும்பு சீழ் இல்லாவிட்டாலும் தடுமாறும்.

மைத்துனரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வாய்ப்புற்றுநோய்க்காகத் தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு நீளமான பிளேட் வைத்தார்கள். பிறகு கதிர்வீச்சு சிகிச்சை. இரண்டு வருடத்துக்குப் பின் இப்போது மோவாய்க்குப் பக்கத்தில் தோல் மெலிந்து, பளபளவென்று ஏதோ தெரிவதுபோல் இருக்கிறது.

பதில்: இதைப் படித்து முடித்ததும் அவரை அழைத்துக்கொண்டு அறுவை செய்த குழுவிடம் போங்கள். அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். தோல் முழுசாக இருக்கும்போதே பார்ப்பதற்கும் பிய்ந்தபின் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

முறிவுக்கு வைக்கும் தகடு எலும்பு கூடும்வரை துணை நிற்கிறது. அப்பாவின் தகடு அப்படியல்ல. அங்கே எலும்பே இல்லை, இரண்டு வருடமாகத் தனியாகச் சுமக்கிறது. அதன்மேல் போர்த்திய திசுவும் கதிர்வீச்சில் அடிபட்டது. அப்படிப்பட்ட திசுவில் ரத்தநாளம் குறைவு, செல் குறைவு, ஆக்சிஜன் குறைவு என்று 1983-ல் மார்க்ஸ் என்ற அறுவை மருத்துவர் விளக்கினார். முதல் கேள்வியில் சொன்னேனே, தகட்டைச் சுற்றிச் சுவர் கட்டுவது, அதற்கு ஆள் வேண்டும், சரக்கு வேண்டும். இங்கே இரண்டும் வந்துசேர வழியில்லை. கால் எலும்பிலிருந்து ஒரு துண்டை ரத்தநாளத்தோடு எடுத்து வைப்பது, தொடை அல்லது மார்பிலிருந்து சதையைக் கொண்டுவந்து போர்த்துவது என்று வழிகள் உண்டு. எது அவருக்கு ஆகும் என்பதை அவர் உடல்நிலையைப் பார்த்து அவர்கள் சொல்வார்கள். அவர் புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: குளிர் நாட்களில் பிளேட் இருக்கும் இடம் ஜில்லென்று வலிக்கிறது. கற்பனையா?

பதில்: கற்பனை இல்லை. தோலுக்கு நெருக்கமாக இருக்கும் தகட்டில் சிலருக்கு இப்படி ஆகும், கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் இன்னும் அதிகம். ஒரு மஃப்ளர் போதும் என்றால் அத்தோடு விடுங்கள். தாங்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: உங்கள் தாடையிலிருந்து எடுத்த பிளேட்டை என்ன செய்தீர்கள், டாக்டர்? (பல் மருத்துவ மாணவி)

பதில்: மேசை இழுப்பறையில், ஒரு பழைய ஊசிமருந்துக் குப்பிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள் வந்ததும் எடுத்துக் காட்டுவேன். நான்கு துளைத் தகடு, மூன்று திருகாணி. நான்காவது எங்கே என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அதைக் கழற்றவே வேண்டியிருக்கவில்லை, சதையை விலக்கியதும் தானாக வந்து விழுந்தது. எச்சில் உறிஞ்சும் குழாய் என் ஆசிரியரின் கண் முன்னாலேயே அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.